ஜலஜாவின் ஐந்து புத்தகங்கள்

லோனப்பன் மாஷ் காலையில் ரத்தப் பரிசோதனை லேபுக்குள் நுழைந்தபோது, வழக்கம்போல சர்க்கரை பார்க்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து ஜலஜா ஊசியை எடுத்து வைத்தாள். மாஷ் சட்டைக் கையை மடக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, குடையைத் தொடைமேல் கிடத்திக்கொண்டார்.

"இந்தத் தடவை நீதான் பேசணும், ஜலஜே."

எங்கே, எதைப் பற்றி என்று அவள் கேட்கவில்லை. இரிஞ்சாலக்குடாவுக்குப் பக்கத்தில் அவர்களுடைய ஊர் வாசகசாலைக்கு, பள்ளிக்கூட வாத்தியாராக இருந்த மாஷ்தான் செயலாளர். அங்கே டிசம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரே ஒரு வாசகர் மேடையேறி, அந்த வருஷம் படித்ததில் தனக்குப் பிடித்த ஐந்து புத்தகங்களைப் பற்றிப் பேசுவார். எழுத்தாளர் கூடாது, விமரிசகர் கூடாது, வெறும் வாசகர். விதி அப்படி. ஆனால் இதுவரை ஏறினவர்கள் எல்லாம் கல்லூரிப் பேராசிரியர்கள், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்கள், ஒரே ஒரு தடவை ஒரு எல்.ஐ.சி. ஏஜெண்ட். பெண் யாரும் ஏறினதில்லை. ஒவ்வொரு வருஷமும் ஜலஜா முன்வரிசையை விட்டுச் சற்றுத் தள்ளி உட்கார்ந்து, பேசுகிறவர் புத்தகத்தைப் படிக்காமல் பின்னட்டையை மட்டும் படித்துவிட்டு வந்திருக்கிறார் என்பதைக் கண்டுபிடித்து, வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் புழுங்குவாள். அவர்களைவிட நான் நன்றாகப் பேசுவேன் என்று வாய்விட்டுச் சொன்னதில்லை. நினைத்ததுண்டு.

"பேசறேன் மாஷே," என்றாள், கொஞ்சம் அவசரமாகவே.

"அஞ்சுல நாலு உன் இஷ்டம்."

"அஞ்சாவது?"

மாஷ் குடைக் கைப்பிடியைத் துடைத்தார். "ஓணத்துக்கு என்னோட ஜோர்தான் யாத்திரைப் புத்தகம் வந்ததே. உனக்கு ஒண்ணு குடுத்தேன்ல?"

"குடுத்தீங்க."

"படிச்சியா?"

"நதி வரைக்கும் வந்தேன் மாஷே."

"அதுக்கு அப்புறம்தான் நல்லாருக்கும்."

"அப்ப அடுத்த வருஷம் பாக்கலாம்," என்றாள் ஜலஜா. மாஷ் சிரிக்கவில்லை. ஆனால் கோபித்துக்கொண்டு போகவும் இல்லை. வந்ததற்கு இருக்கட்டும் என்று கையை நீட்டிச் சர்க்கரையும் பார்த்துக்கொண்டு போனார்.

ஜலஜா படிக்கிறவள். அதைச் சொல்லாமல் அவளைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. லேபில் ரத்தக் குழாய்களை மெஷினில் சுழல விட்டுவிட்டு, அது நிற்பதற்குள் இரண்டு பக்கம். பஸ்ஸில் நான்கு பக்கம். கஞ்சி கொதிக்கும்போது, பக்கத்தில் நின்று கிளறியபடி, அடுப்பிலிருந்து எட்டிப் பிடிக்கிற தூரத்தில் புத்தகம். வாசகசாலையிலிருந்து இரண்டு புத்தகம்தான் எடுக்கலாம் என்றாலும், நூலகர் ரஜிதா அவளுக்கு மட்டும் கணவர் பேரிலும் இரண்டு எழுதித் தருவாள். அந்தக் கணக்குப்படி பார்த்தால் பம்ப்செட் கடை சுகதன்தான் அந்த ஊரிலேயே பெரிய வாசகன். சுகதனோ கல்யாணத்துக்கு அப்புறம் விலைப் பட்டியலைத் தவிர எதையும் படித்ததில்லை.

அந்த வருஷம் அவள் தேர்ந்தெடுத்த ஐந்தில் நான்கு சட்டென்று முடிவாகிவிட்டன. எறும்புகளைப் பற்றி ஒரு வயநாட்டுக்காரர் எழுதியது ஒன்று. படகுத் தொழிலாளிகளின் வேலைநிறுத்த வரலாறு ஒன்று. கன்னடத்திலிருந்து வந்த, ஒரு விதவை தறி போடுகிற நாவல் ஒன்று. குவைத்தில் நர்ஸாக இருந்த பெண் எழுதிய கதைகள் ஒன்று. ஐந்தாவதற்குப் போட்டியே இல்லை. சொல்லப்போனால் அதுதான் முதலாவது.

"உப்பு போடாத கஞ்சி" என்பது நாவலின் பெயர். விசாகன் என்று யாரோ ஒருவர் எழுதியது. சின்னப் பதிப்பகம், மோசமான அட்டை, பின்னால் ஆசிரியர் படம் இல்லை. கப்பலில் நாற்பது பேருக்குச் சமைத்துக்கொண்டிருந்த சந்து ஓய்வு பெற்று வீட்டுக்கு வருகிறான். மனைவிக்குக் கிட்னி போய்விட்டது. உப்பு தொடக் கூடாது. நாற்பது பேருக்கு அள்ளிப் போட்டுப் பழகின கை, ஒருத்திக்கு, உப்பே இல்லாமல், அவள் இரண்டு வாய் சாப்பிடும்படி எதையாவது சமைத்தாக வேண்டும். அவ்வளவுதான் கதை. பஸ்ஸில் படித்துக்கொண்டு போன ஜலஜா ஸ்டாப்பைத் தவற விட்டு, அடுத்த ஸ்டாப்பில் இறங்கி, வெயிலில் நடந்து திரும்பி வந்தாள். லேப் வாசலில் வெறும் வயிற்றோடு காத்துக்கொண்டிருந்தவர்கள் முறைத்தார்கள்.

அதில் சந்துவின் பக்கத்து வீட்டுக்காரனாக வாசுண்ணி என்று ஒருவன் வருகிறான். குடைக் கடைக்காரன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் டேப்பை எடுத்துக்கொண்டு வந்து எல்லையை அளப்பான், போன ஞாயிறு அளந்ததிலிருந்து நிலம் நகர்ந்திருக்குமோ என்று. போனில் பேசினால் முற்றத்தில் நின்றுகொண்டு, எதிர்முனையில் இருப்பவனுக்குப் போனே தேவைப்படாத குரலில் பேசுவான். அந்த அத்தியாயத்தை ஜலஜா ராத்திரிச் சாப்பாட்டின்போது சுகதனுக்குப் படித்துக் காட்டினாள். சுகதன் சிரித்துச் சிரித்துப் பப்படத் துண்டு தொண்டையில் சிக்கித் தண்ணீர் குடித்தான்.

"இவன் அப்படியே நம்ம வார்டு மெம்பர்டி," என்றான். "எழுதினவன் கெட்டிக்காரன். இன்னொரு தடவை படி, அந்த டேப் விஷயம்."

மறுநாள் கடைக்கு வந்தவர்களிடமும் சொன்னான். பைப் வாங்க வந்தவன், மோட்டார் ரிப்பேருக்குக் கொண்டு வந்தவன், எல்லாரிடமும். "ஒரு நாவல் இருக்கு, என் பொண்டாட்டி படிச்சா, நீங்க அவசியம் படிக்கணும்."

வாசுண்ணிக்கு ஒரு மனைவியும் உண்டு, நாவலில் ஒரே ஒரு பக்கத்துக்கு. "அந்த வீட்டில் ஒரு பெண் இருந்தாள். எப்போதும் கையில் புத்தகம். உலகத்தில் எங்கெங்கோ கஷ்டப்படுகிறவர்களுக்காகக் கண் கலங்குவாள். மதிலுக்கு இந்தப் பக்கம் என்ன நடக்கிறதென்று ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை." இந்த வரிகளில் ஜலஜா பென்சிலால் கோடு போட்டிருந்தாள். இப்படிப்பட்டவர்களை எத்தனை பேரைப் பார்த்திருக்கிறோம் என்று நினைத்தபடி போட்ட கோடு அது.

நோட்டீஸ் அச்சடிக்கப் புத்தகங்களின் பெயர் வேண்டும் என்று மாஷ் வந்தபோதுதான் விஷயம் உடைந்தது. கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தவர், ஐந்தாவதில் நின்றார்.

"விசாகன். இது யாருன்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரியாது. திருச்சூர்க்காரரா?"

மாஷ் அவளையே பார்த்தார். கேலி செய்கிறாளா என்று பார்க்கிற பார்வை. "உன் வீட்டு மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கற திவாகரன். டிரஷரியிலேருந்து ரிட்டயர் ஆனவன். வாசகசாலைக்கு ரெண்டு காப்பி அவனே கொண்டு வந்து குடுத்தான், யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு. நான் யார்கிட்டயும் சொல்லல."

"இப்ப சொல்றீங்களே."

"உனக்குத் தெரியும்னு நினைச்சேன். அந்த டேப்பைப் படிச்சப்பவாவது..."

ஜலஜாவுக்குக் காது சூடானது. மெஷின் சுழன்று நின்றதுகூடக் கேட்கவில்லை. டேப். முற்றத்துப் போன். கிட்னி, உப்பு. திவாகரனின் மனைவி ராதாமணியின் உப்பு. ஊரில் எத்தனையோ பேருக்கு கிட்னி போகிறது, அவளே தினம் அந்த ரிப்போர்ட்டுகளில் கையெழுத்துப் போடுகிறாள், அதனால் தோன்றவில்லை. அப்புறம் அந்தப் பெண். எப்போதும் கையில் புத்தகம்.

மதில் விவகாரம் ஆறு வருஷமாக நடக்கிறது. மூங்கில் வேலியை எடுத்துவிட்டுச் சுகதன் கல்மதில் கட்டினான். ஒரு சாண் உள்ளே வந்துவிட்டது என்றார் திவாகரன். சர்வேயர் வந்து அளந்து, கிழக்கு முனையில் சுகதன் சரி, மேற்கு முனையில் திவாகரன் சரி என்று சொல்லிவிட்டு, இரண்டு வீட்டிலும் சாயா குடித்துவிட்டுப் போனார். அன்றோடு பேச்சு நின்றது. சுகதன் ஞாயிற்றுக்கிழமைகளில் டேப்போடு மேற்கு முனைக்குப் போவது உண்மைதான். ஜலஜா நூறு தடவை சொல்லியும் விடவில்லை.

ஆனால் எட்டிப் பார்த்ததில்லை என்பது?

போன வருஷம் ராதாமணியை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டு வந்த வாரம், ஜலஜா சுகதனிடம் சொல்லாமல் அந்த வீட்டு கேட்டைத் திறந்துகொண்டு போனாள். ரத்தம் எடுப்பதற்காக அந்த அம்மாவை ஆட்டோவில் குலுக்கிக் குலுக்கித் திருச்சூர் வரை கொண்டு போகிறார்கள் என்று தெரியும். "நான் காலையில வந்து வீட்டுலயே எடுத்துக்கறேன், நீங்க அலைய வேண்டாம்," என்று சொன்னாள். திவாகரன் வாசற்படியில் நின்றுகொண்டு, கதவைக் கையால் மறித்துக்கொண்டு, "வேண்டாம். நாங்க பாத்துக்கறோம்," என்றார். கதவைச் சாத்தினார். அவள் கேட்டை மூடிவிட்டு வந்தாள். அதற்கு அப்புறம் போனது சாவுக்குத்தான்.

அது எங்கே நாவலில்? சமையல்காரன் மிளகாய் வறுக்கிற வாசனைக்கு மூன்று பக்கம் இருக்கிறது. அதற்கு ஒரு வரி இல்லை.

சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போவதற்குள் சுகதனுக்கும் தெரிந்துவிட்டது. கடைக்கு வந்த யாரோ, "சுகதேட்டா, அந்த நாவல் படிச்சேன், பக்கத்து வீட்டுக்காரர் உங்களைப் பத்தி எழுதினதை நீங்களே சிபாரிசு பண்றது பெரிய மனசு," என்று சொல்லியிருக்கிறான்.

சுகதன் சோபாவில் சட்டைகூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான்.

"சிரிச்சேன்ல," என்றான். "எனக்குப் படிச்சுக் காட்டின, நான் சிரிச்சேன். கடையில வச்சு முப்பது பேர்கிட்ட நானே சொன்னேன். உனக்குத் தெரியும், இல்ல?"

"தெரிஞ்சா படிச்சுக் காட்டுவேனா சேட்டா?"

"உனக்குத் தெரியாம என்ன இருக்கு. உலகத்துல உள்ள எல்லா புஸ்தகமும் படிச்சவ. அவன் மேல கேஸ் போடப்போறேன்."

"என்னன்னு? குடைக்கடைக்காரனைப் பத்தி எழுதினதுக்குப் பம்ப்செட் கடைக்காரன் கேஸ் போட முடியுமா?"

"அப்ப நீ அவன் கட்சி."

"என்னையும்தான் எழுதியிருக்கான். உன்னைச் சிரிக்கற மாதிரியாவது எழுதியிருக்கான். என்னைப் பாரு."

அவன் பார்க்கவில்லை. "அந்தப் புஸ்தகத்தை எடுத்துட்டு வேற ஏதாவது வை. மாஷோட ஜோர்தானை வை. உனக்கென்ன, அஞ்சு இருந்தா போதுமே."

அவளும் அதைத்தான் முதலில் நினைத்தாள். அதுதான் அவளுக்குக் கூடுதல் எரிச்சல். அன்று அவன் தூங்கின அப்புறம் புத்தகத்தை மறுபடியும் எடுத்தாள், இது அப்படியொன்றும் நல்ல நாவல் இல்லை என்று தனக்குத் தானே நிரூபிப்பதற்காக. வளவளப்பான இடங்களைத் தேடினாள். ஒரு இடத்தில் ஒரு உவமை கொஞ்சம் அதிகம்தான். ஆனால் சந்து வெல்லமும் புளியும் கரைத்து, உப்பில்லாததை நாக்கு மறக்கும்படி ஒரு கறி வைத்து, மனைவி அதை வாயில் வைத்து, நன்றாக இருக்கிறது என்று பொய் சொல்கிற இடம் வந்ததும் அவள் குறை தேடுவதை விட்டுவிட்டு அந்தப் பக்கத்தை மறுபடியும் படித்தாள். அந்த ஆளை நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது. அந்த ஆள் எழுதினதைப் படித்தால் அழுகை வருகிறது. எந்தப் புத்தகமும் அவளை இப்படிப் படுத்தினதில்லை.

மறுநாள் மாஷிடம் பட்டியலை மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

அந்த ஒரு வாரம் அவள் எங்கே போனாலும் இதே பேச்சு. பஸ் கண்டக்டர், "சேச்சி, ஞாயித்துக்கிழமை அடி உண்டா?" என்றான். ரத்தம் கொடுக்க வந்த ஒரு பெண், ஊசி உள்ளே இருக்கும்போதே, "வாசுண்ணியோட வீட்டுக்காரி நீங்கதானாமே?" என்று கேட்டாள். எறும்புப் புத்தகத்தைப் பற்றி ஒரு ஆள் கேட்கவில்லை. ரஜிதா மட்டும், "அந்தக் கன்னட நாவலை எடுத்து வச்சிருக்கேன் சேச்சி, நீங்க பேசின அப்புறம் படிக்கறேன்," என்றாள். அதுவும் பாதி மரியாதைக்குத்தான்.

பேச்சை அவள் எழுதி எழுதிக் கிழித்தாள். நாவலை ஐந்தாவதாக வைத்தால் கூட்டம் மற்ற நான்கையும் கேட்காமல் நெளியும். முதலாவதாக வைத்தால் கேட்டுவிட்டு எழுந்து போய்விடும். நடுவில் வைத்தாள். புத்திசாலித்தனமான யோசனை என்று நினைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வாசகசாலை மண்டபம் நிறைந்து வழிந்தது. வருஷா வருஷம் பாதி நாற்காலி காலியாகக் கிடக்கும், இந்தத் தடவை பக்கத்துச் சர்ச்சிலிருந்து பெஞ்சு இரவல் வாங்கிப் போட்டிருந்தார்கள். வாசலில் கிறிஸ்மஸ் நட்சத்திரம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. வரமாட்டேன் என்று சொன்ன சுகதன், நல்ல சட்டை போட்டுக்கொண்டு தூண் ஓரமாக நின்றான். பத்திரிகைகள் அடுக்கின அலமாரிக்குப் பக்கத்தில், கடைசியில், திவாகரன். மெலிந்துபோயிருந்தார். மடியில் ஒரு துணிப்பை.

ஜலஜா எறும்புகளில் ஆரம்பித்தாள். நன்றாகத்தான் பேசினாள். ஒரு எறும்பு வழி தவறினால் மற்றவை என்ன செய்யும் என்று அந்த வயநாட்டுக்காரர் எழுதியிருந்ததை, வீட்டில் பயிற்சி செய்ததைவிட நன்றாகவே சொன்னாள். முன் பெஞ்சில் ஒருவர் கொட்டாவி விட்டார். படகுத் தொழிலாளிகள் பாதியில் இருக்கும்போது பின்னாலிருந்து ஒரு குரல், "சேச்சி, நம்ம ஊர் புஸ்தகத்துக்கு வாங்க," என்றது. சிரிப்பு எழுந்தது. மாஷ் மேஜையைத் தட்டினார். ஆனால் அவரும் கடிகாரத்தைப் பார்த்தார்.

"மூணாவது," என்றாள் ஜலஜா. மண்டபம் அப்படியே அடங்கியது. அந்த அமைதியே அவளுக்குக் கோபத்தை மூட்டியது. "இது இந்த வருஷம் நான் படிச்சதுலயே நல்ல நாவல். எழுதினது யாருன்னு உங்க எல்லாருக்கும் தெரியும், எனக்கு அது தெரியாம இருந்தப்பவும் நல்ல நாவல், தெரிஞ்ச அப்புறமும் நல்ல நாவல். ஒருத்தருக்காகச் சமைக்கறதுன்னா என்னன்னு இதைப் படிச்சுத்தான் எனக்குப் புரிஞ்சது. நான் இருபத்தஞ்சு வருஷமா சமைக்கறேன்." கூட்டத்தில் யாரோ சுகதனைத் திரும்பிப் பார்த்தார்கள். "ஆனா இதுல ஒரு பக்கம் பொய்."

மாஷ் குனிந்து, மைக்கில் விழும்படியே, "நாவல்தானே ஜலஜே, பொய் இருக்கலாமே," என்றார்.

"இருக்கலாம் மாஷே. இவர் கப்பல்ல போனதே கிடையாது. அது எனக்கு உறுத்தல. அந்தப் பொய்ல எல்லாம் உண்மை இருக்கு. இந்த ஒரு பக்கத்துல இல்ல. இதை எழுதும்போது அவருக்கே தெரிஞ்சிருக்கும், வாக்கியம் மட்டும்தான் அழகா இருக்கு. மத்த பக்கத்துல எல்லாம் அவர் எல்லாரையும் பாக்கறார். இந்தப் பெண்ணை மட்டும் பாக்காமலே எழுதியிருக்கார். பாக்கறதில்லைன்னு அவர் யாரைக் குத்தம் சொல்றாரோ, அவளை அவர் பாக்கல."

அவளுக்கு இதைவிடத் தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை. கூட்டத்தில் பாதிப் பேருக்குப் புரியவில்லை, மீதிப் பேர் சண்டை வரும் என்று காத்திருந்தார்கள். சண்டை வரவில்லை. சுகதன் தூணை விட்டு அசையவில்லை. திவாகரன் எழுந்து, துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வெளியே போனார். அவர் போனதும் இனி ஒன்றும் நடக்காது என்று தெரிந்துவிட்டது. பெஞ்சுகள் கரகரவென்று நகர்ந்தன. சாயாவும் பழம்பொரியும் வெளியே வைத்திருந்தார்கள். விதவையின் தறியைப் பற்றியும் குவைத் நர்ஸைப் பற்றியும் ஜலஜா பேசியபோது மாஷ், ரஜிதா, மைக்செட்காரன், காது சரியாகக் கேட்காத ஒரு பெரியவர், இவர்கள்தான் மிச்சம். அவள் ஒரு வரிகூட விடாமல் பேசி முடித்தாள். மைக்செட்காரன் கை தட்டினான்.

செவ்வாய்க்கிழமை பேப்பரின் உள்ளூர்ப் பக்கத்தில் செய்தி வந்தது. "நாவலில் அண்டை வீட்டார்: மேடையில் வாசகி ஆவேசம்." நாவலின் பெயர் இல்லை. மற்ற நான்கு புத்தகங்களின் பெயரும் இல்லை. அவள் பெயரை ஜலஜாமணி என்று போட்டிருந்தார்கள். அவள் பேப்பரை நான்காக மடித்து, ஸ்லைடு துடைக்கிற மேஜையின் ஆடுகிற காலுக்குக் கீழே முட்டுக் கொடுத்தாள்.

அதற்கு அடுத்த நாள் திவாகரன் லேபுக்கு வந்தார். காலைக் கூட்டம் போய்விட்டிருந்தது. உள்ளே வராமல் கண்ணாடிக் கதவருகே நின்றார்.

"வெறும் வயிறா?" என்று கேட்டாள் ஜலஜா. வேறு என்ன கேட்பதென்று தெரியவில்லை.

"நான் அதுக்கு வரல. நீங்க சொன்னது நியாயம் இல்லை. ஒரு கதாபாத்திரத்தை எடுத்துக்கிட்டு, அது நான்தான்னு ஊரைக் கூட்டிச் சொல்றது படிக்கத் தெரிஞ்சவங்க செய்யற காரியம் இல்லை."

"ஊர்தான் என்கிட்ட சொல்லிச்சு. நான் உங்க வரிக்குக் கோடு போட்டு வச்சிருந்தேன் சார். பென்சில் கோடு. எவ்வளவு சரியாச் சொல்றார்னு."

அவர் போகத் திரும்பினார்.

"நான் வந்தேன்ல," என்றாள். குரல் உயர்ந்தது, அவள் தணிக்கவில்லை. "உங்க கேட்டைத் திறந்து வந்தேன். வீட்டுல வந்து ரத்தம் எடுக்கறேன்னு சொன்னேன். கதவை மறிச்சது யாரு? எட்டிப் பாக்கலைன்னு எழுத உங்களுக்கு எப்படி மனசு வந்தது? எழுதணும்னா ரெண்டையும் எழுதணும். இல்லாட்டி ரெண்டையும் விடணும்."

திவாகரன் கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். 

"அவ உள்ளேருந்து கேட்டா," என்றார். "யாரு வந்ததுன்னு. நான் யாரும் இல்லைன்னேன். அவளுக்கு உங்க குரல் கேட்டிருக்கு. ஜலஜா குரல் மாதிரி இருந்ததேன்னா. இல்லை, கேபிள்காரன்னு சொன்னேன். அப்புறம் அவ கேக்கல." கண்ணாடியில் படிந்த தூசியை விரலால் தேய்த்தார். "அதை எழுதிப் பாத்தேன். எத்தனையோ தடவை எழுதிப் பாத்தேன். சந்து அப்படிச் செய்யற ஆள் இல்லை. அவனை வச்சுக்கிட்டு அதை எழுத முடியல. யாராவது ஒருத்தர் வராம இருந்திருக்கணும். அப்பதான் கதை நிக்கும்."

"அதுக்கு நான்தான் கிடைச்சேனா?"

"பக்கத்துல நீங்கதானே இருந்தீங்க," என்றார் அவர், அதில் எந்தக் கிண்டலும் இல்லாமல்.

ஜலஜாவுக்கு அவரை அடிக்க வேண்டும்போல இருந்தது. பாவமாகவும் இருந்தது. அந்தப் பாவம் வந்ததற்காக இன்னும் கோபமாக இருந்தது. மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தாள். அவர் கேட்கவில்லை. போகும்போது திரும்பி, "நல்ல நாவல்னு சொன்னீங்க. அப்புறம் ஏன் எறும்புக்கு அப்புறம் மூணாவதா வச்சீங்க?" என்றார்.

"வரிசை இல்லை சார் அது. பேசற வசதிக்கு."

"கேக்கறவங்களுக்கு அப்படித் தோணாது," என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் வெகுநேரம் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் ஒரு மாதம் சுகதன் அவளோடு சரியாகப் பேசவில்லை. அப்புறம் ஒரு நாள் கடையில் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் நாவல் ஒன்று கிடப்பதை ஜலஜா பார்த்தாள். எங்கெங்கிருந்தோ ஆட்கள் வாசுண்ணியைப் பார்க்க வருகிறார்கள் என்று கடைப் பையன்கள் சொன்னார்கள். வந்தவர்கள் சும்மா போகாமல் ஒரு குழாயோ, ஒரு வால்வோ வாங்கிக்கொண்டு போகிறார்கள். சுகதன் அவர்களுக்கு அந்த அத்தியாயத்தைப் புரட்டி எடுத்துக் காட்டுகிறான்.

"கேஸ் போடறேன்னியே?" என்றாள்.

"அதுல என்னைப் பத்தித் தப்பா ஒண்ணும் இல்லைடி. டேப் வச்சு அளக்கறான்னு இருக்கு. அளக்கறேன்தானே? என் நிலம், அளப்பேன்." கொஞ்சம் யோசித்து, "உன்னைப் பத்தி எழுதினதுதான் சரி இல்லை. நீ போனது எனக்குத் தெரியும். கேட் சத்தம் கேட்டது," என்றான்.

"தெரிஞ்சும் ஒண்ணும் சொல்லல?"

"எதுக்குச் சொல்லணும்? நீ போனா போயிட்டு வரட்டும்னு இருந்தேன்."

அவன் இதை இத்தனை நாள் கழித்து, பைப் அளந்துகொண்டே, போகிற போக்கில் சொன்னது அவளுக்கு ஆத்திரமாக வந்தது. முன்னாலேயே சொல்லியிருந்தால் அந்தத் தூணோரத்தில் நின்றவனைப் பார்த்துப் பயந்து, கேட்டைத் திறந்துகொண்டு போனதை மேடையில் சொல்லாமல் விட்டிருக்க வேண்டாம்.

சித்திரை விஷு சமயத்தில் நாவலுக்கு இரண்டாம் பதிப்பு வந்தது. அட்டை இந்தத் தடவை பரவாயில்லை. ஜலஜா வாசகசாலைக்குக் காத்திராமல் திருச்சூரில் கடைக்குப் போய் அவளே ஒன்று வாங்கினாள். கடை வாசலிலேயே நின்று அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்தாள். ஒரு சொல் மாறவில்லை. எப்போதும் கையில் புத்தகம். ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை. முதல் பதிப்பில் விட்டுப்போயிருந்த ஒரு கால்புள்ளியை மட்டும் சரியாகப் போட்டிருந்தார்கள்.

பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. புத்தகத்தை மூடிப் பைக்குள் போட்டாள். லேபில் போய் ரஜிதாவுக்குப் போன் பண்ணி, இந்த ஆளுடைய எந்தப் புத்தகத்தையும் இனி என் பேரில் எழுதாதே என்று சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். பாலம் தாண்டுவதற்குள் மறுபடியும் எடுத்து, சந்து கப்பலிலிருந்து பெட்டியோடு இறங்குகிற முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண், "நல்லாருக்குமா சேச்சி?" என்று கேட்டாள்.

"நல்லாருக்கும்," என்றாள் ஜலஜா எரிச்சலோடு, தலையைத் தூக்காமல்.